பொதுமொழி யாருக்குப் பொது?

உலக மக்கள் ஒருவரோடொருவர் உரையாடுவதற்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. தொழிலாளர் ஒற்றுமைக்கு நாட்டெல்லை இல்லை என்று நம்புவோர், மொழியெல்லையைக் கண்டு சோர்ந்து நிற்றல் ஆகாது. ஆனால், அம்மொழி எது? ஆங்கிலமே என்கின்றனர் ஒரு சாரார். எந்த நாட்டுக்கும் தனியுரிமை இல்லாத எஸ்பெராந்தோவே என்கின்றனர் மற்றொரு சாரார். இவ்வழக்கை ஆராய்வதற்கு நாம் ஐரோப்பிய மண்டபங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களே போதிய சான்று தரும்.

ஆங்கிலேயத் துரைக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இடையே ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. அது எவ்வாறு ஆக்கப்பட்டது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏ. எம். பெர்குசன் சின்னத்துரைமார்க்கென ஒரு தமிழ்க் கைந்நூல் இயற்றினார். அதன் பெயர் ‘இங்கே வா’. பின்னர் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ், ‘கூலித் தமிழ்’ என்று பொருள்படும் பெயரில் மற்றொரு நூலை எழுதினார். இத்தலைப்புகளை நோக்குங்கள். ‘வாருங்கள்’ என்றில்லை, ‘வா’ என்றிருக்கிறது. வள்ளுவரும் இளங்கோவும் வளர்த்த மொழி, பிரட்டுக்களத்தில் வெறும் ஏவல் வினையாகச் சுருங்கிற்று. துரை தமிழ் கற்றார் என்பது உண்மை. ஆயினும் அத்தமிழ் இருவர்க்கும் பொதுவாயிற்றா? இல்லை. ஒருவர் ஏவ, மற்றவர் பணிய மட்டுமே பயன்படுவது பொதுமொழி ஆகாது. பணிபவர் எதிர்த்து ஒரு வினா எழுப்பவும், அதற்கு மறுமொழி பெறவும் இடமிருக்க வேண்டும். இதுவே நமது அளவுகோல்.

இவ்வளவுகோலால் ஆங்கிலத்தை அளப்போம். அதன் பயனை நாம் மறுக்கவில்லை. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கிய பின்னர், ஆளுவோரும் அயலாரும் படிக்கும் ஆங்கிலத்தில் அவர் ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் கவிதை நூலைத் தந்ததன் நியாயம் நமக்கு விளங்குகிறது. ஆனால், அதிலே பாடப்பெற்ற மக்களுக்கு அக்கவிதை அவர்தம் மொழியில் கிடைத்தது எப்போது? சக்தி பாலையாவின் ‘தேயிலைத் தோட்டத்திலே’ 1969இல் வெளிவந்தபோதுதான்! இது கவிஞரின் குறையன்று. துரை பங்களாவில் வாழ்ந்த மொழியை லயத்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்த அமைப்பின் குறை. ஆங்கிலம் தொழிலாளியின் துயரைக் கடல் கடத்திற்று. தொழிலாளியை வாய்திறக்க விடவில்லை.

இனி எஸ்பெராந்தோ. இனங்கள் ஒன்றையொன்று பகைத்த பியாலிஸ்டாக் நகரில் பிறந்த யூத மருத்துவர் ஸமென்ஹோப், 1887இல் அதனை வெளியிட்டார். ‘நம்பிக்கை கொண்டவன்’ என்பதே அப்பெயரின் பொருள். ‘லபோரோ’ என்றால் உழைப்பு. ‘லபோரிஸ்தோ’ என்றால் தொழிலாளி. ‘லபோரேயோ’ என்றால் வேலைத்தலம். விகுதி சேர்த்துச் சொல் ஆக்கும் இம்முறை தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. ஆயினும் வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பாவினுடையவை. இத்தாலிய மாணவன் பாதி வழியில் தொடங்குகிறான். ஹற்றன் மாணவி முதலடியிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மொழி பரவாமற்போனது இலக்கணக் குறையாலா? இல்லை. அதன் பின்னே கப்பலும் வங்கியும் படையும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் சர்வதேச சங்கத்தில் அதற்கு ஆதரவு எழுந்தபோது, தன் மொழியின் செல்வாக்கை இழக்க விரும்பாத பிரான்சு எதிர்த்தது. இட்லர் ஆட்சி அவ்வியக்கத்தை நசுக்கியது. 1930களின் இறுதியில் ஸ்டாலின் ஆட்சியும் அதன் ஆர்வலரைச் சிறையிலிட்டது என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறைத்தல் தகாது. எளியவர் எல்லை கடந்து உரையாடுவதை ஆணையிடுவோர் எங்கும் அஞ்சுகின்றனர்.

நம் நாட்டிற்கு வருவோம். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆயிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. எவரை எவரோடு இணைக்கும் மொழி? கொழும்பு அதிகாரியை மற்றோர் அதிகாரியோடு அது இணைக்கலாம். தோட்டத்துத் தமிழரையும் அடுத்த கிராமத்துச் சிங்கள உழவரையும் அது இணைக்கவில்லை. அவ்விருவரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்பதே நேரிய வழி. உலகோடு பேச ஆங்கிலம் வேண்டுமெனில், நகரப் பிள்ளைகள் பெறும் அளவும் தரமும் குறையாமல் தோட்டப் பள்ளிகளும் அதனைப் பெறட்டும். எவரும் எவர் மொழிக்கும் மண்டியிடலாகாது என்னும் எஸ்பெராந்தோவின் அறத்தை இரண்டிலும் கைக்கொள்வோம்.

கொழுந்து பறிக்கும் பெண், தன் சம்பளச் சீட்டைக் கையிலேந்தி, ‘இதிலே ஏன் இவ்வளவு பிடித்தீர்கள்?’ என்று எம்மொழியில் கேட்டு மறுமொழி பெறுகிறாளோ, அம்மொழியே அவளுக்குப் பொதுமொழி. அம்மொழியை அவள் கைக்குச் சேர்ப்பது, கற்பிக்கும் நமக்கும் கற்கும் மாணவர்க்கும் உரிய கடமையாகும்.