விஷ்ணுகிரந்தி

செம்மண் மேட்டிலும் சரளைக் காட்டிலும் தரையோடு படர்ந்து, சட்டைப் பொத்தானிலும் சிறிய நீல மலர்களைக் காலையில் விரித்து, வெயில் முற்றியதும் சுருக்கிக்கொள்ளும் விஷ்ணுகிரந்தியை, கேரளத்தார் தசபுஷ்பங்களுள் ஒன்றாகப் போற்ற, நம்மவரோ வைத்தியர் கேட்டாலன்றி ஏறிட்டும் பாராதிருப்பது எனக்கு மெய்யாகவே விசனம் தருகிறது. தண்டையும் இலையையும் போர்த்திய மெல்லிய ரோமம் ஈரம் விரயமாகாமல் காக்க, கெட்டிப்பட்ட வேரடி கோடையைத் தாங்கி, மழை விழுந்ததும் மறுபடி துளிர்ப்பது எத்தனை அழகிய ஏற்பாடு! தோட்டத்தில் அதற்கு வேண்டுவன பூரண வெயிலும், நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணுமே. எருவைக் குவித்து நித்தமும் நீர் வார்க்கும் அதீத வாத்ஸல்யம் அதன் வேரை அழுகச் செய்துவிடும். ஆழ வேரூன்றிய செடியைக் காட்டிலிருந்து பெயர்த்து வராமல், முதிர்ந்த விதைகளைச் சேகரித்து, மழைக்காலத் தொடக்கத்தில் தூவுங்கள்.