படத்தின் அடியில் எழுதியவர்

பழைய படம் ஒன்று கையில் கிடைத்ததும் நாம் முதலில் படிப்பது அதன் அடியில் எழுதியிருப்பதைத்தான். எழுத்து சொன்னதைப் படத்தில் தேடுகிறோம். கண்டுவிட்டதாகத் திருப்தி அடைகிறோம். முன்னுரைக்காரர் சொன்னதையே கதையிலும் கண்டு மகிழும் வாசகர்கள் நம்மிடையே உண்டல்லவா? அதே சுபாவந்தான் இதுவும். இது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகப் பிரசித்தி பெற்ற ரயில் படம் ஒன்றையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

1869-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி. அமெரிக்காவில் கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனியும், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனியும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் யூட்டா பிரதேசத்தில் ஒன்று கூடின. படத்தில் இரண்டு எஞ்சின்கள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் இரு கம்பெனிகளின் தலைமை எஞ்சினீயர்களும் கைகுலுக்குகிறார்கள். எஞ்சின் முகப்பில் ஏறிக்கொண்டவர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் புட்டியை நீட்டுகிறார்கள். சுற்றிலும் ஒரே தொப்பி மயம்.

எந்த இடம் இது? 'ப்ரொமாண்டரி பாயிண்ட்' என்று எத்தனையோ புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. அது பிசகு. பாயிண்ட் என்பது கிரேட் சால்ட் ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தின் தென்கோடி. விழா நடந்ததோ ஏரிக்கு வடக்கே, அங்கிருந்து சுமார் 35 மைல் தள்ளி, ப்ரொமாண்டரி சம்மிட் என்ற மேட்டு நிலத்தில். 1904-ல் ஏரியின் குறுக்கே புதுப் பாதை வந்தபோது அது அந்தத் தென்கோடி வழியாகவே சென்றது. குழப்பம் ஆழ வேரூன்றிவிட்டது. பழைய பாதையின் தண்டவாளங்களை 1942-ல், யுத்த காலத்தில், இரும்புக்காகப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு எஞ்சின்களும் அதற்கு வெகு முன்பே காயலான் கடைச் சரக்காகிவிட்டன.

ஆனாலும் படம் ஊமையாகிவிடவில்லை. புகைபோக்கிகளைப் பாருங்கள். இடப்பக்கத்து எஞ்சினின் புகைபோக்கி மேலே பெரிதாக விரிந்திருக்கிறது. அது விறகு எரிக்கும் எஞ்சின். தீப்பொறி வெளியே பறக்காமல் தடுக்க அந்த ஏற்பாடு. சென்ட்ரல் பசிபிக்கின் 'ஜூபிடர்' அதுதான். வலப்பக்கம் நேர்க்குழாயுடன் நிற்பது நிலக்கரி எரிக்கும் 119-ம் நம்பர். யூனியன் பசிபிக்கைச் சேர்ந்தது. ஆக, நமக்கு இடது மேற்கு, வலது கிழக்கு. காமிரா ஏறக்குறைய வடக்குப் பார்த்து நிற்கிறது. அடியில் எழுதியவருடைய தயவில்லாமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

எடுத்தவர் யார்? அன்று மூன்று போட்டோக்காரர்கள் அங்கே இருந்தார்கள்: யூனியன் பசிபிக்குக்காக ஆண்ட்ரூ ரஸ்ஸல், சென்ட்ரல் பசிபிக்குக்காக ஆல்பிரட் ஹார்ட், சால்ட் லேக் நகரத்திலிருந்து சார்லஸ் ஸாவேஜ். கைகுலுக்கும் படம் ரஸ்ஸலுடையது. ஆனால் நெடுங்காலம் பல இடங்களில் அது ஸாவேஜின் பெயரில் உலாவியது. ரஸ்ஸலின் கண்ணாடி நெகடிவ்களுக்கோ இன்னொரு விதமான கதி. அவருக்கு உதவியாக இருந்து, பிற்பாடு அந்தப் படங்களைக் காட்டிப் பிரசங்கம் செய்துவந்த ஸ்டீபன் செட்ஜ்விக்கின் பெயரில் அவை அமெரிக்க பூகோளச் சங்கத்தில் கிடந்தன. 1962-ல் வில்லியம் பாட்டிசன் என்ற பூகோள அறிஞர் ஒரு கட்டுரை எழுதி ரஸ்ஸலின் சொத்தை ரஸ்ஸலுக்கே மீட்டுக் கொடுத்தார். ஹார்ட்டின் நெகடிவ்கள் கார்ல்டன் வாட்கின்ஸின் கைக்குப் போயின; அவர் அவற்றைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். நெகடிவ் எவரிடமோ, கீர்த்தியும் அவரிடம்.

இடமும் ஆளும் தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்போம். எனக்கு முக்கியமாகப் படும் விஷயமே இனிமேல்தான் வருகிறது. சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்ட கூலியாட்களில் பெரும்பாலோர் சீனர்கள், 10,000-க்கும் மேற்பட்டவர்கள். மலையைக் குடைந்ததும் பனியில் புதைந்து செத்ததும் அவர்களே. இந்தப் படத்தில் அவர்களைக் காண்பது அரிது. வேண்டுமென்றே அவர்களை ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபம் நியாயமானது. ஆனால் கோபத்துக்கு நியாயம் இருப்பதனாலேயே அது ருசுவாகிவிடாது. அதே நாளில் அதே ரஸ்ஸல் எடுத்த மற்றொரு படத்தில் சீனத் தொழிலாளர்கள் கடைசித் தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! சென்ட்ரல் பசிபிக்கின் வேலைகளை மேற்பார்த்த ஸ்ட்ரோபிரிட்ஜ் அவர்களைத் தம் ரயில் பெட்டிக்கு விருந்துக்கு அழைத்துக் கௌரவித்ததாக அந்த மாதத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்றும் இருக்கிறது.

ஆகவே, காமிராவின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. காமிரா பலவற்றைப் பார்த்தது. அவற்றில் ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்து, இதுதான் அந்த நாள் என்று சொல்லிவிட்டவர்கள் பிற்பாடு வந்தவர்கள். தாமஸ் ஹில் 1881-ல் தீட்டி முடித்த 'கடைசி ஆணி' ஓவியத்தில், 1863-லேயே காலமாகிவிட்ட தியோடர் ஜூடா என்ற எஞ்சினீயர் நின்றுகொண்டிருக்கிறார். செத்தவருக்கு இடம் கிடைத்தது! 1969-ல் நடந்த நூற்றாண்டு விழாவில் பேசிய போக்குவரத்து மந்திரி ஜான் வால்பி, இந்தச் சாதனைக்கு அமெரிக்கரை விட்டால் வேறு யார் என்ற பாவனையில் பேசினார். சீனர்களைப் பற்றிப் பேச்சில்லை. 2014-ல் கார்க்கி லீ என்ற சீன அமெரிக்கப் போட்டோக்காரர், அந்தத் தொழிலாளர்களின் சந்ததியாரையும் பிறரையும் அதே இடத்தில் திரட்டி ஒரு படம் எடுத்தார். நல்ல காரியம், சந்தேகமில்லை.

ஆனால் 145 வருஷங்களுக்குப் பிறகு புதிதாக ஒரு படம் எடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும் என்ற நிலை வந்திருக்கத் தேவையில்லை. கைகுலுக்கும் படத்தை அச்சிட்டவர்கள், ரஸ்ஸல் எடுத்த அந்த மற்றொரு படத்தையும் அதற்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தால் போதும்.