புட்டு மாவுப் பதம்

ஜித்தா ஷரஃபியாவின் மலையாளி ஹோட்டல்களில் காலை ஆறு மணிக்கே புட்டுக்குழாய் ஆவி விடத் தொடங்கிவிடும். மாஸ்டர் மாவை ஒரு கை அள்ளிப் பிடித்துப் பார்ப்பார். பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பனிச்சறுக்கு இடங்களை எடைபோட நான் வைத்திருப்பதும் இதே சோதனைதான். எத்தனை மீட்டர் உயரம், எத்தனை லிஃப்ட் என்பதெல்லாம் அப்புறம். முதலில் கையுறையைக் கழற்றி ஒரு பிடி பனி.

ஜித்தாவில் சில்லர் பராமரிப்பு எனக்குத் தொழில். குளிரை வைத்துச் சோறு தின்கிறவன். லீவு கிடைத்தால் ஊருக்கு வராமல் மலை ஏறுகிறானே என்று வீட்டில் ஏச்சு விழுவதும் உண்டு.

துபாயில்தான் சறுக்கக் கற்றேன். மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்குள் 2005இல் திறந்த ஸ்கீ துபாயில் மிக நீளமான சரிவே 400 மீட்டர்தான். இறக்கம் 60 மீட்டர். நேரே விட்டால் அரை நிமிஷத்தில் தீர்ந்துபோகும். பிறகு நாலு பேர் உட்காரும் லிஃப்டில் ஆடி அசைந்து மேலே போக வேண்டும். பாதிக் கூட்டம் பெங்குவின் பார்க்க வந்தது. மலைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காலையில் முதல் ஆளாக உள்ளே நுழைந்து பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இரவு கூட்டம் போனதும் உள்ளே குளிரை இன்னும் இறக்குவார்கள். கூரையடியிலுள்ள பீச்சுகுழல்கள் காற்றழுத்தத்தில் தண்ணீரைத் தூளாக்கித் தெளிக்கும். தரைக்கு வருமுன் அது உறைந்துவிடும். அதன் மேல் வண்டி ஓட்டிச் சீவுவார்கள். காலையில் அந்தச் சரிவு, எண்ணெய் வைத்து வாரிய தலையில் சீப்புத் தடம் தெரிகிற மாதிரி வரிவரியாகக் கிடக்கும். ஸ்கீயின் விளிம்பு அதில் இறங்கும்போது வருகிற நறநறப்பு இருக்கிறதே, ஓடுகிற கம்ப்ரெசரின் சத்தத்தை வைத்தே அதன் உடல்நலம் சொல்கிற எனக்கு, அது நல்ல மெஷினின் சத்தம்.

அள்ளிப் பார்த்தால் ரவை. துளி வெளியிலிருந்து உள்ளே உறைவதால் ஒவ்வொன்றும் குட்டி உருண்டை. மேகத்தில் ஆவியிலிருந்து வளரும் பனியின் ஆறு கை இதற்குக் கிடையாது. பிடித்தால் நிற்காது. மாலைக்குள் ஆட்கள் வழித்து வழித்து அங்கங்கே கண்ணாடியாக்கிவிடுவார்கள். ஆனால் நேற்றைய பனியும் இன்றைய பனியும் ஒன்றே. விழுந்தால் பனி மேல் பழி போட முடியாது. கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடக் கறாரான வாத்தியார் வாய்க்காது.

அபுதாபி ரீம் மாலில் 2023இல் வந்த ஸ்னோ அபுதாபி பிள்ளைகளை விளையாட விடத் தோதான இடம். ஸ்கீ மாட்டியவனுக்கு அங்கே சோலியில்லை. நம் பக்கம் தபூக் மலைகளில் ட்ரோஜெனா என்றொரு பனிச்சறுக்குத் தலம் வருகிறது என்கிறார்கள். 2029 ஆசியக் குளிர்கால விளையாட்டை அங்கே நடத்த 2022இல் முடிவாகி, பிறகு அது தள்ளிப்போனது. கைக்குப் பனி வராமல் நான் மார்க் போடுவதில்லை.

லெபனானில் ம்ஸார் போனபோதுதான் புட்டு மாவு கிடைத்தது. ஏறத்தாழ 2,465 மீட்டர் உச்சியில் நின்றால், வானம் தெளிந்த நாளில் கீழே மத்தியதரைக் கடல் தெரியும். அந்தக் கடலின் ஈரம்தான் பனியிலும். காலையில் பிடித்தால் நின்று, தட்டினால் உதிரும். வெயில் ஏறினால் போச்சு, நீர் கூடிய மாவாகக் காலைப் பிடித்து இழுக்கும். வார விடுமுறையில் பெய்ரூட்டே அங்கே வந்து நிற்கும்.

காஷ்மீரின் குல்மர்க் வேறு ஜாதி. கேபிள் கார் உங்களை 3,900 மீட்டருக்கு மேல் அஃபர்வத் மலைத் தோளில் இறக்கிவிடும். பனி இலவம்பஞ்சு. முழங்கால்வரை புதைந்தும் கனம் தெரியாது. நறநறப்பும் இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்தான். துபாயில் கற்ற விளிம்பு வித்தை ஒன்றும் அங்கே எடுபடவில்லை, குப்புற விழுந்தேன். சீவி வைத்த சரிவு குறைவு, பனிச்சரிவு அபாயம் உண்டு, காற்றடித்தால் கேபிள் கார் நின்றுவிடும். 2024 ஜனவரியில் பனியே இல்லாமல் புல் தெரியக் கிடந்தது. வந்தால் அமுதம், வராவிட்டால் ஓட்டலில் காவா குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஜெயண்ட் ஸ்லாலமை அறையில் ஏசி ஓட உட்கார்ந்து பார்த்தேன். லெபனான் மலையில் சின்ன வயதில் கற்ற சவூதிக்காரர் ஃபாயிக் அப்தி 44ஆவது. குல்மர்க்கின் ஆரிஃப் கான் அடுத்த இடம், 45. புட்டு மாவிலும் இலவம்பஞ்சிலும் வளர்ந்த இருவர் இறங்கிய அந்தத் தடம் மெஷின் போட்ட ரவை. அன்றைக்கென்று பார்த்து அசல் பனி கொட்டியது. கொட்டிய கொட்டில் இரண்டாம் சுற்றையே தள்ளிவைத்தார்கள்.