ரெமார்க்கின் புதினத்தில் ஐயமும் பொய்யும்

எரிக் மரியா ரெமார்க் என்னும் செருமானிய எழுத்தாளர் முதலாம் உலகப்போரைப் பொருளாகக் கொண்டு எழுதிய புதினம் 1928-ஆம் ஆண்டின் இறுதியில் நாளிதழ்த் தொடராகத் தொடங்கி, 1929-இல் நூலுருப் பெற்றது. அதன் செருமானியப் பெயரை ‘மேற்கே புதிதாக ஒன்றுமில்லை’ எனத் தமிழிற் கூறலாம். ஆங்கில மொழிபெயர்ப்போ, மேற்குப் போர்முனை அமைதியாக உள்ளது என்னும் பொருள்படப் பெயரை மாற்றிக்கொண்டது. மாற்றம் சிறிதெனினும் நூலின் நுட்பம் ஒன்று அதனால் மறைகின்றது என்பது எம் கருத்து. இப்பெயர் படைத்தலைமை விடுக்கும் அறிக்கையின் நடையில் அமைந்தது. கதைத்தலைவன் பால் பாய்மர் 1918 அக்டோபரில் வீழ்ந்துபட்ட நாளிலும் அறிக்கை இதனையே உரைக்கின்றது. ‘அமைதி’ என்பது போர்முனையின் நிலையைக் குறிக்கும். ‘புதிதன்று’ என்பதோ அரசின் கண்ணைக் காட்டும். ஓர் இளைஞன் மாய்வது செய்தியன்று என்பதை அரசின் வாய்மொழியாகவே புலப்படுத்துகின்றார் ரெமார்க்.

அவ்வாய்மொழியை நம்பி வளர்ந்த மாணவர் ஐயுறத் தொடங்கியது எங்ஙனம்? எதிர்வாதம் கேட்டு அவர் தெளிந்தாரல்லர். வகுப்பாசிரியர் காண்டோரெக் நாட்டுப்பற்றை முழங்கி அவர்களைப் படையிற் சேர்ப்பிக்கின்றார். தயங்கிய பேம் என்பானும், பெற்றோர் நாவிலுங்கூடக் ‘கோழை’ என்னும் சொல் எளிதாக எழும் காலமாதலின், உடன் சென்று முதலில் மாண்டோருள் ஒருவனாகின்றான். பின்னர் அவ்வாசிரியர் மாணவரை ‘இரும்பு இளைஞர்’ எனப் போற்றிக் கடிதம் விடுக்கின்றார். காலிழந்து சாகக்கிடக்கும் கெம்மெரிக்கைக் கண்டு தோழர்கள் திரும்பும் வழியில் அக்கடிதத்தைப் பற்றிய பேச்சு எழுகின்றது. அவனுடைய காலணி இனி யாருக்கு என்பதே அவர்களுள் ஒருவனின் கவலை. இரும்பு என்னும் சொல்லும், வெட்டுண்ட காலும், உரியவன் அணிய இயலாத காலணியும் அடுத்தடுத்து நிற்கின்றன. பால் நீளப் பேசி விளக்கும் இடங்கள் நூலிற் பல உண்டு. அவற்றினும் இவ்வைப்புமுறை வலிமை மிக்கது.

ஆசிரியத் தொழிலுடைய எமக்கு இப்பகுதி எளிதிற் கடக்கத்தக்கதாக இல்லை. காண்டோரெக் வஞ்சகரல்லர், நன்மை என நம்பியதையே கற்பித்தார். பிற்பகுதியில் அவரே படைக்கு அழைக்கப்பெற்றுப் பழைய மாணவன் ஒருவனால் ஆட்டிவைக்கப்பெறும் காட்சி நகைச்சுவைக்கு உதவுமேயன்றி, அவர் எழுப்பிய வினாவிற்கு விடையாகாது.

நூலின் உச்சம் போர்க்களத்தில் இல்லை. பால் விடுப்பில் ஊர் திரும்பும் பகுதியிலேயே உளது. தந்தை வீரக்கதைகளைக் கேட்க விழைகின்றார். முதியோர் படையை நடத்தும் முறையை அவனுக்கே கற்பிக்கின்றனர். அவன் வாய்திறப்பதில்லை. பின்னர்க் கெம்மெரிக்கின் தாயைக் காணச் செல்கின்றான். மகன் எவ்வாறு இறந்தான் என்று அவள் கேட்க, நோவின்றி நொடியில் மாண்டான் என்கின்றான். அவள் ஏற்காது வற்புறுத்தவே, இது பொய்யாயின் தான் மீளாதொழிவதாகச் சூளும் உரைக்கின்றான்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்துள் குற்றமற்ற நன்மை பயக்கும் பொய்க்கும் இடம் தந்துள்ளார். அவ்வளவையால் பாலைக் குறைகூற இயலாது. ஆயினும் அரசின் மொழியை நம்பாதவன் நாவிலிருந்தும் அரசின் அறிக்கையை ஒத்த சொற்களே பிறக்கின்றன என்பது நோக்கற்பாலது. அவன் ஐயம் அகத்தே முற்றியது. ஊராரிடையே உரையாக மலரவில்லை. ஊர் அறியாதிருந்தமைக்கு அரசு ஒன்றே காரணமன்று, மீண்டு வந்தோரின் இரக்கமும் நாணமும் அதற்குத் துணைபுரிந்தன எனக் காட்டும் துணிவு இந்நூலுக்கு உண்டு.

நாட்சிகள் இந்நூலை வெறுத்தமை யாவரும் அறிந்ததே. 1930-இல் இதன் அமெரிக்கத் திரைப்படம் பெர்லினில் அவர்களாற் குலைக்கப்பெற்றுத் தடைக்கும் உள்ளாயிற்று. 1933 மே மாதத்தில் நூல் எரியூட்டப்பெற்றது. வியப்புக்குரியது, 2022-இல் வெளிவந்த செருமானியத் திரைப்படம் விடுப்புப் பகுதியை முற்றும் நீக்கியமையே. சேறும் குருதியும் அதிற் குறைவின்றிக் காட்டப்பெறுகின்றன. அத்தாயின் வினா மட்டும் இல்லை.