அத்திரம்பாக்கத்தின் கல்லும் அருங்காட்சியகத்தின் குரலும்: ஒலிவழிகாட்டி வடிவமைப்பு குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திருவள்ளூர் மாவட்டத்தின் கொசத்தலையாற்றுப் படுகை, இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கிய களங்களுள் ஒன்றாகும். அங்குக் கிடைத்த கற்கருவிகளைப் பார்வையாளருக்கு விளக்கும் திறன்பேசிவழி ஒலிவழிகாட்டி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விளக்கப் பலகையை உரக்கப் படிக்கும் போக்கு, தொன்மையைப் பெருமிதமாகச் சுருக்கும் போக்கு, தொல்லியல் களத்தின் இருப்பிடத்தைத் தடையின்றி வெளிப்படுத்தும் போக்கு ஆகிய மூன்றும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அத்திரம்பாக்கம், பூண்டி அகழ்வைப்பகம், ஒலிவழிகாட்டி, விளக்கவியல், கற்கருவி.

முன்னுரை

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டறிந்தனர். ஃபூட்டின் சேகரிப்பு 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்காக விலைக்குப் பெறப்பட்டது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985இல் பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்றை நிறுவியது. இவ்வாறு கருவி கிடைத்த நிலம் ஓரிடத்திலும் கருவிகள் எழும்பூரிலும் பூண்டியிலுமாகப் பிரிந்து நிற்கின்றன. பேழைக்குள் இருக்கும் கல்லைக் காணும் பார்வையாளர், அது எம்மண்ணில், எவ்வடுக்கில் கிடந்தது என்பதைக் கற்பனையால் நிரப்ப வேண்டியுள்ளது. இப்பிரிவை இணைக்கும் வாய்ப்பு ஒலிவழி விளக்கத்திற்கு உண்டு. அவ்வாய்ப்பு எந்நிபந்தனைகளின்கீழ் நிறைவேறும் என்பதே இக்கட்டுரையின் வினா.

தகவலும் விளக்கமும்

அருங்காட்சியக ஒலிவழிகாட்டியின் தொடக்கமாக ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் 1952இல் மேற்கொண்ட முயற்சி குறிப்பிடப்படுகிறது. சிற்றலை வானொலிவழி ஒலிபரப்பப்பட்ட உரையைப் பார்வையாளர் அனைவரும் ஒரே நேரத்தில் கேட்டு, ஒரே நேரத்தில் நகர்ந்தனர். இன்றைய திறன்பேசி அக்கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. எனினும் பல இடங்களில் கியூ.ஆர். குறியீட்டை வருடினால் கேட்பது விளக்கப் பலகையின் வாசகமே. கருவி மாறியுள்ளது, உரையின் இயல்பு மாறவில்லை.

ஃப்ரீமன் டில்டன் 1957இல் வெளியிட்ட நூலில், தகவல் தருவது மட்டும் விளக்கமாகாது என்றும், பார்வையாளரைத் தூண்டுவதே விளக்கத்தின் தலையாய நோக்கம் என்றும் நிறுவினார். இவ்வளவுகோலைப் பயன்படுத்தினால், ‘இது கைக்கோடரி, குவார்சைட் கல்லால் ஆனது, அச்சூலியன் மரபைச் சார்ந்தது’ என்னும் உரை தகவலாகவே நின்றுவிடும். ‘இதன் ஓரத்தைப் பாருங்கள், இருபுறமும் செதில்கள் பெயர்க்கப்பட்ட பள்ளங்களை எண்ணுங்கள், எப்பள்ளம் கடைசியில் விழுந்திருக்கும்?’ என்னும் உரையோ கண்ணைக் கல்லின்மீது நிறுத்துகிறது. ஒரு பள்ளம் மற்றொன்றின் விளிம்பை வெட்டியிருந்தால் வெட்டியதே பிந்தியது என்பதைப் பார்வையாளரே கண்டுகொள்வார். ஆய்வாளர் கருவியைப் படிக்கும் முறை இதுவே.

கல்லின் ஒலி

ஓவியத்திற்கு ஒலி புறத்திலிருந்து சேர்வது. கற்கருவியின் ஆக்கத்தோடு ஒலிக்கு நேரடித் தொடர்பு உண்டு. கருவி செய்வோர் கல்லைத் தட்டி எழும் ஒலியால் உள்விரிசலை அறிவர். குறையற்ற கல் கணீரெனவும், விரிசலுற்றது மழுங்கலாகவும் ஒலிக்கும். தமிழகச் சிற்ப மரபும் ஒலிகொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனக் கற்களைப் பகுக்கிறது. இவ்விரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்ச்சி கற்பிப்பது பிழையாகும். ஆயினும் கல்லைக் கேட்டறியலாம் என்பதை உணர்த்த அவ்வொப்புமை உதவும். பின்னணி இசை நிரப்பிய உரையைவிட, சுத்திக்கல் மோதும் ஓசையும் செதில் பெயரும் ஓசையும் பதிந்த அரை நிமிடம் பூண்டிப் பேழைக்கு முன் நிற்பவருக்கு அதிகம் கற்பிக்கும்.

காலமும் உரிமையும்

சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் தலைமையில் 1999 முதல் 2004 வரை அத்திரம்பாக்கத்தில் நடைபெற்ற அகழாய்வு, கருவிகளோடு தொல்லுயிர்ப் பற்களையும் விலங்குகளின் குளம்படித் தடங்களையும் வெளிப்படுத்தியது. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரை, அச்சூலியன் கருவிகளுக்குச் சராசரியாக 15 இலட்சம் ஆண்டுக் காலத்தைக் கணித்தது. 2018இல் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரை, இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாகக் காட்டியது.

இவ்வெண்களை ஒலியுரையில் சேர்க்கும் இடமே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. ‘உலகின் முதல் மனிதன் இம்மண்ணின் மைந்தன்’ என்னும் வகை வாக்கியம் கேட்பதற்கு இனிது, சான்றுக்கு முரணானது. அத்திரம்பாக்கத்தில் மனித இன எலும்புகள் கிடைக்கவில்லை. இன்றைய மனித இனமாகிய ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் மிகப்பழைய எச்சங்களே ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுப் பழைமையுடையவை. எனவே 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அக்கருவிகளைச் செய்தோர் நம் இனத்தவரே அல்லர். அவர்களுக்கு மொழியடையாளம் சூட்டுவதற்கு இடமில்லை. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின் தொல்லியல்மீது பெருகியுள்ள பொது ஆர்வம் வரவேற்கத்தக்கது. ஆனால் தமிழி எழுத்துப் பொறித்த பானையோட்டிற்குப் பொருந்தும் உரிமைக் குரல் கைக்கோடரிக்குப் பொருந்தாது. செய்தவர் யார் என்பது தெரியாது எனத் துணிந்து சொல்லும் குரலே அருங்காட்சியகத்தின் நம்பகத்தைக் காக்கும். அவ்வறியாமையே கேட்போரைச் சிந்திக்கவும் தூண்டும்.

மொழியும் கேட்போரும்

திருவள்ளூர் மாவட்டம் ஆந்திர எல்லையை ஒட்டியது. இங்குத் தெலுங்கு பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத் தொழிற்சாலைகளில் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் பணிபுரிகின்றனர். தமிழ், ஆங்கிலம் என்னும் இருமொழிப் பலகை இவர்களுள் பலரை வெளியே நிறுத்துகிறது. பலகையில் இடம் குறைவு. ஒலிக்கு அக்குறை இல்லை. எழுத்தறியாதாருக்கும் பார்வைக் குறையுடையோருக்கும் ஒலியே வாயில்.

மொழிபெயர்ப்பால் மட்டும் இது நிறைவுறாது. உருக்காலையிலும் கடைசல் பட்டறையிலும் பணிபுரிபவர் மூலப்பொருளின் தன்மை, அடியின் கோணம், வீணாகும் துண்டு ஆகியவற்றைக் கைப்பழக்கத்தால் அறிவார். கற்கருவியை ‘கலைப்பொருள்’ எனப் போற்றும் உரையைவிட ‘வேலைப்பொருள்’ எனப் பேசும் உரை அவருடைய அறிவை மதிப்பதாக அமையும்.

இடம் காட்டுதலின் இடர்

இருப்பிடம் உணரும் செயலி, பிரிந்த கல்லையும் நிலத்தையும் மீண்டும் இணைக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இப்படுகையில் கருவிகள் நிலத்தின் மேற்பரப்பிலேயே காணக்கிடக்கின்றன. துல்லியமான வழிகாட்டல், அவற்றை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லும் கைகளையும் அங்கு அழைத்துச் செல்லும். இடம் பெயர்ந்த கல், ஆய்வுக்குரிய சூழற்சான்றை இழந்துவிடுகிறது. குடியம் குகைகளின் நிலை மேலும் சிக்கலானது. அது காட்டினுள் அமைந்த தொல்லியல் களம். ஊராரின் வழிபாட்டிடமும் ஆகும். அங்குத் தொல்பழங்காலத்தை மட்டும் பேசும் குரல், இன்றும் அவ்விடத்தைப் புழங்குவோரை மறைத்துவிடும்.

ஆகவே நிலத்தைப் பேழைக்குக் கொண்டுவருவதே பொருத்தமான வடிவமைப்பாகும். அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குகளை ஒலிச்சித்திரமாகப் பூண்டியிலேயே கேட்பிக்கலாம். குடியத்திற்கான உரையை, ஊரார் வழிநடத்தும் பயணத்திற்குத் துணையாக மட்டும் அமைக்கலாம். கல்லைக் கண்டால் எடுக்காமல் விடுவது ஏன் என்னும் விளக்கம் உரையின் முதற்பகுதியிலேயே இடம்பெறுதல் வேண்டும்.

முடிவுரை

ஒலிவழிகாட்டியின் தரத்தைத் தொழில்நுட்பப் புதுமை கொண்டு அளத்தல் போதாது. அது பார்வையாளரின் கண்ணைப் பொருளின்மீது நிறுத்துகிறதா, சான்று நிற்கும் எல்லையில் தானும் நிற்கிறதா, கேட்போரின் மொழியையும் தொழிலறிவையும் மதிக்கிறதா, களத்தைக் காக்கிறதா என்னும் நான்கு வினாக்கள் இங்கு அளவுகோலாகின்றன. இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் ஒலியுரை எழுதுவோரிடம் சொல்லடக்கத்தை வேண்டுகின்றன. அவ்வடக்கத்தை வடிவமைப்பின் பகுதியாகக் கொள்ளும்போதே, அத்திரம்பாக்கத்துக் கல்லைப் பற்றி நம்பத்தக்க குரல் ஒன்று அருங்காட்சியகத்தில் ஒலிக்க இயலும்.