வறண்ட வானத்துக்கான அளவுகோல்

ஐப்பசி அடைமழை நாளில் கருக்களாச்சேரிக்கு மேலே நிற்கும் காற்றிலுள்ள நீராவி முழுவதையும் பிழிந்து தரையில் ஊற்றினால், சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். லடாக்கின் ஹான்லேயில் குளிர்காலத்தில் இதே கணக்கு பெரும்பாலும் 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ரேடியோ தொலைநோக்கிக்கு இடம் தேடுகிறவர்கள் இந்த மில்லிமீட்டருக்காகத்தான் மலையேறுகிறார்கள். அவர்கள் அளக்கும் முறை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்க்க, காரைக்கால் கடலோரத்து இந்த மீனவர் ஊரையும் ஹான்லேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்ல வழி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லா ரேடியோ தொலைநோக்கிக்கும் நீராவி பகையல்ல. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் இயங்கத் தொடங்கிய ஊட்டித் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலை மேகத்தையும் மழையையும் பொருட்படுத்தாது. நீலகிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் வறட்சியல்ல, ஊரின் அகலாங்குக்கு ஒத்த 11 பாகைச் சரிவு. அலைநீளம் ஓரிரு சென்டிமீட்டருக்கு இறங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. நீர் மூலக்கூறு 22 ஜிகாஹெர்ட்ஸிலும், அதைவிடப் பன்மடங்கு பலமாக 183 ஜிகாஹெர்ட்ஸிலும் அலையை விழுங்குகிறது.

ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கிறது. அங்கே டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கூட்டுறவோடு 220 ஜிகாஹெர்ட்ஸ் கதிர்வீச்சுமானி ஒன்றை வைத்து, 2000 முதல் 2003 வரை வானத்தின் மறைப்பளவை, அதாவது அந்த அலையைக் காற்று எவ்வளவு மறைக்கிறது என்பதை, அளந்தார்கள். கருவி செய்வது எளிய வேலை. உச்சியை நோக்கும், பிறகு படிப்படியாகத் தொடுவானத்தை நோக்கிச் சாயும். சாயச் சாய அதன் பார்வை கடக்கும் காற்று கூடும், வானமும் அதற்கேற்பக் கூடுதல் வெப்பமாகத் தெரியும். அந்தக் கூடுதலின் வேகத்திலிருந்து மறைப்பளவு கிடைக்கிறது. பலூனும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். தொலைநோக்கி எந்த அலையில் பார்க்கப்போகிறதோ அந்த அலையிலேயே வானத்தைச் சோதிப்பதுதான் இம்முறையின் பெரிய பலம். இதை விஞ்சிய நேரடிச் சான்று வேறு இல்லை என்பேன்.

ஆனால் இந்த எளிமைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: காற்று எல்லாத் திசையிலும் ஒரே சீரான அடுக்காகப் படிந்திருக்கிறது என்பது. கருக்களாச்சேரியில் கருவியைக் கிழக்கே சாய்த்தால் வங்கக்கடல், மேற்கே சாய்த்தால் காவிரிப் படுகையின் வயல்கள். நண்பகலுக்குமேல் கடற்காற்று ஏறும்போது இரு பக்கமும் இரு வேறு வானங்கள். அதைவிட மோசம், 50 மில்லிமீட்டர் நீராவிக்கு 220 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் பத்தில் ஒரு பங்குகூடத் தரைக்கு வந்து சேராது. சற்றுச் சாய்த்தாலே வானம் முழுதும் காற்றின் வெப்பநிலையிலேயே தெரியும். கோணத்துக்குக் கோணம் வேறுபாடே இராது, கணக்கும் நின்றுவிடும். அங்கே 22 ஜிகாஹெர்ட்ஸ் கருவிதான் பேசும். ஹான்லேயில் அதே 22 மிகப் பலவீனமான குரல்.

ஜிபிஎஸ் முறையின் கதை நேர்மாறானது. நீராவியால் ஜிபிஎஸ் சமிக்ஞை தாமதிக்கிறது. தாமதத்திலிருந்து நீராவியைப் பெறலாம். பிழை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். காரைக்காலின் ஐம்பதில் அது பொருட்டே அல்ல. ஹான்லேயின் இரண்டில், நெல் மூட்டை நிறுக்கும் தராசில் குன்றிமணித் தங்கத்தை வைப்பதற்குச் சமம். மழைத்துளியைக் காணும் காரைக்கால் டாப்ளர் ரேடாருக்கோ நீராவியே தெரியாது. அங்கிருந்து பறக்கும் வானிலை பலூன் நீராவியை உயரவாரியாகத் தருகிறது, உண்மைதான். ஆனால் உலக வழக்கப்படி பலூன் நேரம் காலை 5.30, மாலை 5.30. இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தில் கடற்காற்று வந்து செய்துவிட்டுப் போனதை யார் எழுதிவைப்பது?

என் பெரிய குறை கருவியின்மேல் அல்ல, அது தரும் எண்ணைச் சுருக்கும் வழக்கத்தின்மேல். மறைப்பளவை நீராவி மில்லிமீட்டராக மாற்றிவிட்டுத்தான் ஒரு மலையை இன்னொன்றோடு ஒப்பிடுகிறார்கள். மாற்றும் கெழுவோ காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஹவாயின் மௌனா கியாவில் பெற்றதை வேறு உயரத்தில் அப்படியே போட முடியாது. அடுத்தது, ஆண்டின் நடுமதிப்பு என்ற ஒற்றை எண். பனியில் கருவி உறைந்த நாளும் மின்சாரம் போன நாளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கருவி படுக்கும் நாள் பெரும்பாலும் வானமும் கெட்ட நாள்தான். ஆக, விடுபட்ட நாள்கள் பெரும்பாலும் இடத்துக்குச் சாதகமாகவே விடுபடுகின்றன.

நடுமதிப்பு இன்னொன்றையும் மறைக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீராவி கூடினால் அலையின் பாதை ஏறத்தாழ ஆறரை மில்லிமீட்டர் நீள்கிறது. 220 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 1.4 மில்லிமீட்டருக்குக் குறைவு. அதாவது, இரண்டு ஆன்டெனாக்களுக்கு மேலுள்ள நீராவி பத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலே பாதி அலை தவறிப்போகும். பல ஆன்டெனாக்களை இணைத்துப் படமெடுப்பவர்களுக்கு நீராவி எவ்வளவு என்பதைவிட அது எப்படித் துடிக்கிறது என்பதே முக்கியம். சிலியின் சஹ்னாந்தோர் மேட்டில் இதை உணர்ந்து, 300 மீட்டர் இடைவெளியில் இரு சிறு ஆன்டெனாக்களை நிறுத்தி, ஒரு செயற்கைக்கோளின் சமிக்ஞையைத் தொடர்ந்து கேட்டு, துடிப்பைத் தனியாக அளந்தார்கள். பின்னர் அங்கே எழுந்த ஆல்மா தொலைநோக்கி வரிசையில் 12 மீட்டர் ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றிலும் 183 ஜிகாஹெர்ட்ஸ் நீராவிமானி ஒன்று இருக்கிறது. இடம் தேர்ந்தபின் அளவீடு முடிந்துவிடவில்லை, அன்றாட வேலையாகிவிட்டது.

இதற்கெல்லாம் செலவெதற்கு, செயற்கைக்கோள் தரவும், பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியில் கோத்துத் தரும் மறுபகுப்பாய்வும் இருக்கின்றனவே என்று இப்போது கேட்கிறார்கள். தட்டையான காவிரிப் படுகைக்கு அது பரவாயில்லை. ஐரோப்பிய மறுபகுப்பாய்வின் ஒரு கட்டம் சுமார் 30 கிலோமீட்டர். லடாக்கில் அந்த ஒரு கட்டத்துக்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் ஒன்றாக அரைபட்டு, எந்த இடத்துக்கும் பொருந்தாத ஓர் உயரத்தின் நீராவியே வெளிவரும். வடிகட்டி ஒதுக்குவதற்கு அது உதவும். கோடிகளைக் கொட்டும் முடிவுக்கு உதவாது.

அடுத்த முறை இமயத்தில் கருவி வைப்பவர்கள், குளிர்கால வறட்சியோடு குறைந்தது இரண்டு தென்மேற்குப் பருவங்களையும் முழுதாக அளக்கட்டும். மாற்றாத மறைப்பளவையும், துடிப்பையும், கருவி உறங்கிய மணிநேரங்களையும் ஒரே அட்டவணையில் அச்சிடட்டும்.