டால்ஸ்டாயின் சபையில் எல்லோருக்கும் ஒரே குரல்

லியோ டால்ஸ்டாய் தன் கடைசி வருஷங்களில் பெரிதும் மதித்த புத்தகம் 'வாசிப்பு வட்டம்'. 1906-ல் வந்தது, பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் சில சிந்தனைகள். புத்தர், லாவோ ட்சு, எபிக்டெடஸ், மார்கஸ் ஆரேலியஸ், தால்முத், பாஸ்கல், கான்ட், எமர்சன் என்று பெரிய சபை.

தொடர்ந்து பத்து நாள் படித்தால் ஒன்று உறுத்தும். எல்லாரும் ஒரே மாதிரி பேசறாங்க! ரோமானியச் சக்கரவர்த்திக்கும் சீன ஞானிக்கும் அதே நிதானம், அதே முடிவு.

காரணத்தை டால்ஸ்டாயே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். மொழிபெயர்ப்புகளிலிருந்து மொழிபெயர்த்தேன், சுருக்கினேன், சில சொற்களை மாற்றினேன் என்கிறார். வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர்கள் மூலத்தைத் தேட வேண்டாம், என் வாசகத்தையே மொழிபெயருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார். அந்த நேர்மை பெரிய விஷயம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பொன்மொழிகளுக்கு இப்படி ஒரு முன்னுரை கிடையாது.

ஆனா நேர்மையாகச் சொல்லிவிட்டதால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. கான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1797-ல் வந்த 'ஒழுக்கங்களின் மெய்ப்பொருளியல்' நூலில், கொலைகாரனுக்கு மரண தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்று வாதிட்டவர் அவர். டால்ஸ்டாயோ மரண தண்டனையை எதிர்த்து 1908-ல் தனிக் கட்டுரையே எழுதியவர். இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் சபை சூடாகியிருக்கும். வட்டத்தில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கு. தாரக்நாத் தாஸ் என்ற இந்தியப் புரட்சியாளருக்கு டால்ஸ்டாய் 1908-ல் எழுதிய பதில், 'ஓர் இந்துவுக்குக் கடிதம்'. 1909-ல் காந்தி அதை குஜராத்தியில் மொழிபெயர்த்தார். வன்முறை வேண்டாம், ஆள்பவர்களுக்கு ஒத்துழைக்காதீர்கள் என்பது அதன் சாரம். அதில் திருக்குறளையும் மேற்கோள் காட்டுகிறார், 'இன்னாசெய்யாமை' அதிகாரத்திலிருந்து. நமக்குப் பெருமைதான். ஆனால் அதே வள்ளுவர் 'செங்கோன்மை'யில், கொடியவர்களை அரசன் கொலைத் தண்டனையால் ஒடுக்குவதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறார். 'படைமாட்சி'க்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அரசையும் ராணுவத்தையும் அடியோடு மறுத்த டால்ஸ்டாயிடம் இந்த வள்ளுவர் போய்ச் சேரவில்லை.

இது எங்க தொழிலில் தினமும் பார்க்கிற காட்சி. இரண்டு பேர் எழுதிய கோடை இணைக்கும்போது மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும். ஒருத்தருடைய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டால் எரர் மறைந்துவிடும், பில்டும் ஓடும். இன்னொருத்தர் ஏன் அப்படி எழுதினார் என்பது மட்டும் தொலைந்துபோயிருக்கும்.

அப்ப இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். சாகும்வரை தன்னையே தினமும் திருத்திக்கொள்ளப் பார்த்த ஒரு கிழவரின் பயிற்சி நோட்டாக அது அருமையான புத்தகம். அதிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கீழே 'கான்ட்' என்று போடாதீர்கள், அவ்வளவுதான். 'டால்ஸ்டாய் கேட்ட கான்ட்' என்று போடுங்கள். "எல்லா ஞானிகளும் ஒன்றைத்தான் சொன்னார்கள்" என்று யாராவது ஆரம்பித்தால், அதைத் தொகுத்தவர் யார் என்று முதலில் கேளுங்கள். ஞானிகள் எங்கே மோதிக்கொண்டார்கள் என்பதும் நமக்குத் தெரிய வேண்டிய பாடம்தான்.